ஆல்ட்டோ தாஹோ இயற்கைப் பூங்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயின் போகிறவர்கள் பெரும்பாலும் மாட்ரிட், பார்சிலோனா, செவியா என்று மூன்று ஊர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மாட்ரிட்டிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்தில் வேறொரு ஸ்பெயின் இருக்கிறது: ஆழமான பாறைப் பள்ளத்தாக்குகள், பைன் காடு, ஆள் நடமாட்டம் குறைந்த கிராமங்கள், நடுவே பச்சையாக ஓடும் ஓர் ஆறு. அதைப் பற்றிச் சொன்னால் கேட்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்கள் இங்கே.

இது சரியாக எங்கே இருக்கிறது?

மாட்ரிட்டுக்குக் கிழக்கே, காஸ்தியா-லா மாஞ்சா மாநிலத்தில். பெரும்பகுதி குவாதலஹாரா மாவட்டத்தில் வரும், ஒரு ஓரம் மட்டும் குவென்கா மாவட்டத்தைத் தொடும். 2000ஆம் ஆண்டில் இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பளவு ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேல்.

‘ஆல்ட்டோ தாஹோ’ என்றால் தாஹோ ஆற்றின் மேற்பகுதி. ஐபீரியத் தீபகற்பத்தின் மிக நீளமான ஆறு இதுதான். தெருவெல் மாவட்டத்தில் ஃப்ரியாஸ் தே அல்பர்ரசீன் என்ற ஊருக்குப் பக்கத்து மலையில் பிறந்து, அரன்ஹுவேஸ், தொலேதோ வழியாகப் போர்ச்சுகலுக்குள் நுழைந்து, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடி, லிஸ்பனில் அட்லாண்டிக் கடலில் சேர்கிறது. தொலேதோவில் பாலத்தின் மேலிருந்து பழுப்பு நிறத் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். அதே ஆறு இங்கே அடியில் கிடக்கும் கல் தெரியும் அளவுக்குத் தெளிவாக ஓடுகிறது.

காட்டு ஆறு என்கிறார்களே, அப்படி என்ன விசேஷம்?

ஸ்பெயினில் பெரிய அணைகள் மட்டும் 1,200க்கு மேல் இருக்கின்றன. கட்டுப்பாடு இல்லாமல் நூறு கிலோமீட்டர் ஓடும் ஆற்றைத் தேடிப்பிடிப்பதே கஷ்டம். தாஹோ இந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் அப்படித்தான் ஓடுகிறது. சுண்ணாம்புப் பாறையை அறுத்து அறுத்து, சில இடங்களில் 300 மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குக் குடைந்திருக்கிறது.

பூங்காவைத் தாண்டியதும் கதை மாறிவிடும். கீழே என்ட்ரெபெஞாஸ் நீர்த்தேக்கம் வருகிறது. அதிலிருந்தும் பக்கத்து புவெந்தியா நீர்த்தேக்கத்திலிருந்தும் 1979 முதல் தண்ணீரைக் கால்வாயில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செகூரா ஆற்றுப் படுகைக்கு, அதாவது தென்கிழக்கின் காய்கறித் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுபோகிறார்கள். யாருக்கு எவ்வளவு என்பதில் அன்றிலிருந்து இன்றுவரை சண்டை ஓயவில்லை. மேலே நீங்கள் கால் நனைக்கும் தண்ணீர் அந்தச் சண்டைக்குள் இன்னும் நுழையாத தண்ணீர்.

மேலேயும் கைவைத்துப் பார்க்காமல் இல்லை. பொவேதா தே லா சியர்ரா என்ற கிராமத்துக்கு அருகே ‘சால்ட்டோ தே பொவேதா’ என்ற அருவி இருக்கிறது. மின்சாரத்துக்காக அங்கே ஓர் அணை எழுப்பினார்கள், அது நிற்கவில்லை. அருவிக்குப் பக்கத்தில் கட்டுமானத்தின் மிச்சங்கள் இன்றும் கிடக்கின்றன. என்னைக் கேட்டால், இந்த ஆற்றைப் பற்றி விளக்கப் பலகைகள் சொல்வதைவிட அந்த மிச்சங்கள் அதிகம் சொல்கின்றன.

எந்த மாதத்தில் போவது நல்லது?

மே, ஜூன். இல்லாவிட்டால் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை.

வசந்தத்தில் ஊற்றுகளில் தண்ணீர் நிறைய இருக்கும், அருவிகள் அருவியாக இருக்கும், பாறைகளில் கழுகுகள் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கும். இலையுதிர் காலத்தில் ஆற்றோரத்துப் பாப்ளர் மரங்கள் மஞ்சளாகவும் மேப்பிள் சிவப்பாகவும் மாறும். பின்னால் பைன் கரும்பச்சை, அதற்கும் பின்னால் வெளுத்த பாறை. செப்டம்பர் இறுதியில் ஆண் மான்கள் இணை தேடிக் கத்தும் சத்தத்தை அந்தி நேரத்தில் கேட்கலாம். முதல்முறை கேட்பவர்கள் மானுக்கு இந்தக் குரலா என்று திகைப்பார்கள், மாடு கத்துவதைவிடக் கரடுமுரடாக இருக்கும்.

ஆகஸ்ட்? ஊருக்கு ஊர் திருவிழா, ஆட்டம் பாட்டம் எல்லாம் உண்டு. ஆனால் குளிக்கிற இடங்களில் கூட்டம், தங்க அறை கிடைக்காது, தீ எச்சரிக்கை உச்சத்தில் இருக்கும். அமைதிக்காகப் போகிறவர்களுக்கு ஆகஸ்ட் வேண்டாம்.

குளிர்காலத்தைப் பற்றி ஒரு எண் போதும். பக்கத்து ஊரான மொலினா தே அரகோனில் 1952 ஜனவரியில் பதிவான வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 28.2 டிகிரி. ஸ்பெயினில் மக்கள் வசிக்கும் ஊர்களில் மிகக் குளிரானவை என்று பெயரெடுத்த சில ஊர்களில் இதுவும் ஒன்று. ஸ்பெயின் என்றால் வெயில் என்று நினைத்துக்கொண்டு ஜனவரியில் மெல்லிய சட்டையோடு போய் இறங்காதீர்கள். ஜூலையில்கூட இரவுக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

கார் இல்லாமல் போக முடியுமா?

மொலினா வரை போகலாம். மாட்ரிட்டிலிருந்து பஸ் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. அதற்கு அப்புறம் பள்ளத்தாக்குகளுக்குப் போகப் பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது. ரயில் இந்தப் பக்கமே வருவதில்லை. ஆகவே வாடகைக் கார்தான் வழி.

மாட்ரிட்டிலிருந்து சரகோசா போகும் ஏ-2 நெடுஞ்சாலையில் அல்கொலேயா தெல் பினார் வரை வந்து, அங்கிருந்து என்-211 சாலையில் திரும்பினால் மொலினா. சாலை நன்றாக இருக்கும். அப்புறம் கிராமச் சாலைகள் குறுகல், வளைவு அதிகம், அந்தி சாய்ந்தால் மானும் காட்டுப்பன்றியும் குறுக்கே ஓடும். இருபது கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில விஷயங்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். பெட்ரோலை மொலினாவிலேயே நிரப்பிவிடுங்கள். காட்டுக்குள் போகும் மண் பாதைகளில் வாடகைக் காரை ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் சின்ன எழுத்தில் இருக்கும், கையெழுத்துப் போடுமுன் படித்துவிடுங்கள். பள்ளத்தாக்குக்குள் இறங்கியதும் மொபைல் சிக்னல் போய்விடும், எனவே வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் வேண்டும்? எங்கே தங்குவது?

குறைந்தது இரண்டு இரவு. காலையில் மாட்ரிட்டில் கிளம்பி இரவு திரும்பிவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் சாலையைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

கடை, மருந்தகம், சுகாதார மையம் எல்லாம் பக்கத்தில் வேண்டும் என்றால் மொலினா. அங்கே மலைமேல் பெரிய கோட்டை ஒன்று, காயோ ஆற்றின்மேல் செந்நிறக் கல்லால் கட்டிய பழைய பாலம் ஒன்று, மாலை நடைக்கு அது போதும். காலையில் கதவைத் திறந்தால் காடு வேண்டும் என்றால் சாவொரேஹாஸ், பெரலேஹோஸ் தே லாஸ் த்ரூச்சாஸ், செக்கா போன்ற கிராமங்கள். அங்கே ஹோட்டலைவிட ‘காசா ருரால்’ எனப்படும் கிராமத்து வீடுகள்தான் அதிகம். பல வீடுகளை முழுசாகத்தான் வாடகைக்கு விடுவார்கள், வார இறுதியில் இரண்டு இரவு கட்டாயம் என்பார்கள். நாலைந்து பேராகப் போனால் தலைக்கு மிகவும் மலிவாக வரும், சமையலறையும் கிடைக்கும்.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் எது?

பர்ராங்கோ தே லா ஓஸ். மொலினாவிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், கொர்துவெந்தே கிராமத்தின் எல்லைக்குள் வருகிறது. இங்கே ஓடுவது தாஹோ இல்லை, அதன் துணையாறு காயோ. பாறையும் வெள்ளைச் சுண்ணாம்பு இல்லை, இரும்புச் சிவப்பான மணற்கல். ட்ரயாசிக் காலத்தில், அதாவது 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் கூழாங்கல்லும் இறுகிய பாறை அது. கிட்டப்போய்ப் பார்த்தால் சிவப்புக் கல்லுக்குள் உருண்டைக் கூழாங்கற்கள் வரிவரியாகப் பதிந்திருப்பது தெரியும். ஒரு பழைய ஆற்றின் படுகையை இன்றைய ஆறு அறுத்துக் காட்டுகிறது என்பதைக் கையால் தடவியே புரிந்துகொள்ளலாம்.

பாறையின் அடியில், அதை ஒட்டியே, ஓஸ் மாதாவின் கோயில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்து மக்களுக்கு இது முக்கியமான தலம். கோயிலுக்குப் பின்னாலிருந்து படிகளும் செங்குத்தான பாதையும் மேலே காட்சிமுனைகளுக்குப் போகின்றன. மூச்சு வாங்கும், ஆனால் ஏறிவிடுங்கள். கீழே ஆறு வளைந்து போவதும், நேர் எதிரில் தூண் தூணாக நிற்கும் சிவப்புப் பாறைகளும், உங்கள் கால் மட்டத்துக்குக் கீழே பறக்கும் கழுகுகளும் அங்கிருந்துதான் தெரியும். மழை பெய்திருந்தால் படி வழுக்கும்.

தாஹோ ஆற்றங்கரையில் நடக்க எது நல்ல இடம்?

சாவொரேஹாஸுக்கு அருகே இருக்கும் புவெந்தே தே சான் பெத்ரோ, அதாவது சான் பெத்ரோ பாலம். காயோ ஆறு தாஹோவில் கலக்கும் இடம் இது. வண்டியை நிறுத்திவிட்டு ஆற்றை ஒட்டிய பாதையில் நடந்தால் எஸ்கலெருவேலா என்ற அருவிக்குப் போகலாம்.

அருவி என்றதும் குற்றாலம் மாதிரி கற்பனை வேண்டாம். மலையில் ஊறி வரும் சுண்ணாம்புத் தண்ணீர் பாசியின்மேல் வழிந்து வழிந்து, அந்தப் பாசியே கல்லாக மாறி, பாறையே தாடி வளர்த்தது போல நிற்கும். மேலே உயிருள்ள பச்சைப் பாசி, ஒரு விரல் கீழே பாதி கல்லான பழுப்புப் பாசி, அதற்கும் கீழே முழுக் கல். அந்தக் கல்லில் பழைய தண்டுகளும் இலைகளும் இருந்த இடம் சிறு துளைகளாக இருக்கும். பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும் காலை வைத்தால் பொடிந்துவிடும், வேலியைத் தாண்டி ஏறாதீர்கள்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் தரவீயா ஏரியும் சால்ட்டோ தே பொவேதாவும் ஒன்றுக்கொன்று பக்கம், இரண்டையும் சேர்த்து நடக்கலாம். நல்ல நடைக்காரர்களுக்கு ஒசென்தேஹோ கிராமத்துப் பக்கம் ‘உந்தீதோ தே அர்மயோனெஸ்’ இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் மலைச்சரிவு ஒன்று இடிந்து ஆற்றுக்குள் விழுந்த இடம். வீடளவு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் இன்றும் வழி தேடிக்கொண்டு போகிறது.

பட்டியல் போட்டு ஒரே நாளில் நான்கு இடம் என்று ஓடாதீர்கள். ஓரிடத்தில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால்தான் நீர்நாயோ மீனோ கண்ணில் படும்.

ஆற்றில் குளிக்கலாமா? படகில் போகலாமா?

தடைப் பலகை இல்லாத இடங்களில் குளிக்கலாம், கோடையில் உள்ளூர்க்காரர்களே குளிக்கிறார்கள். ஆனால் தண்ணீர் ஆகஸ்டிலும் சில்லென்று இருக்கும். வெயிலில் நடந்த சூட்டோடு குதிக்காமல் மெல்ல இறங்குங்கள். பாறைக் கற்கள் வழுக்கும், மடுக்களின் ஆழம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. உயிர்காக்கும் பணியாளர் என்று யாரும் கிடையாது. சோப்பு, ஷாம்பு கூடவே கூடாது.

கயாக், ராஃப்டிங் உண்டு, ஆனால் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் இறக்க முடியாது. அனுமதி பெற்ற உள்ளூர் நிறுவனங்களோடு போவதுதான் சரி. மீன்பிடிக்க மாநில உரிமம் தேவை. டிரவுட் மீனைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டிய பகுதிகள் நிறைய.

கான்ச்செரோஸ் என்று எங்கும் எழுதியிருக்கிறதே, யார் அவர்கள்?

மரம் ஓட்டியவர்கள். இந்தக் காடுகளில் வெட்டிய பைன் மரங்களைக் கொண்டுபோகச் சாலை கிடையாது, இருந்தது ஆறுதான். ஆயிரக்கணக்கான மரங்களை ஆற்றில் இறக்கி, நுனியில் இரும்புக் கொக்கி பொருத்திய நீண்ட கழியால் தள்ளியும் இழுத்தும், அரன்ஹுவேஸ் வரை ஓட்டிக்கொண்டு போவார்கள். பயணம் மாதக்கணக்கில் நீளும். தெப்பம் கட்டுவதில்லை, ஒவ்வொரு மரமும் தனித்தனியாக மிதக்கும். குறுகிய இடத்தில் ஒன்று சிக்கினால் பின்னால் வருவதெல்லாம் குவிந்து அடைத்துக்கொள்ளும். உருளும் மரத்தின்மேல் நின்றுகொண்டு அந்த அடைப்பை அவிழ்ப்பதுதான் வேலையிலேயே ஆபத்தானது. ஈரத்திலேயே வாழ்க்கை, இரவில் ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டித் தூக்கம். லாரியும் அணையும் வந்ததோடு 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தொழில் முடிந்தது.

பதின்பருவத்தில் அரன்ஹுவேஸில் வாழ்ந்த எழுத்தாளர் ஹொசே லூயிஸ் சம்பெத்ரோ அப்போது இவர்கள் வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறார். 1961இல் இவர்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதற்குப் பிறகுதான் வெளியுலகத்துக்கு இந்த ஆட்களைத் தெரியவந்தது. 1997 முதல் பெரலேஹோஸ், பொவேதா, பெஞாலென், தரவீயா, சாவொரேஹாஸ் ஆகிய ஐந்து கிராமங்கள் முறைவைத்து ஆண்டுதோறும் கான்ச்செரோஸ் விழா நடத்துகின்றன. ஊர்க்காரர்களே கழியோடு தண்ணீரில் இறங்கி மரம் ஓட்டிக் காட்டுவார்கள். கோடை முடியும் சமயத்தில் நடக்கும், தேதியைக் கிராமத்து நகராட்சியிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆற்றில் மரம் ஓட்டும் கலையை 2022இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது. ஸ்பெயினோடு ஆஸ்திரியா, செக், ஜெர்மனி, லாட்வியா, போலந்து ஆகியவையும் அதில் பங்காளிகள்.

கூட்டம் பிடிக்காத எனக்கே, ஆகஸ்ட் வேண்டாம் என்ற விதியை இந்த ஒரு விழாவுக்காகத் தளர்த்தலாம் என்று தோன்றும்.

என்னென்ன விலங்கு, பறவை பார்க்கலாம்?

யூரேசியப் பாறு கட்டாயம் கண்ணில் படும். காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் பாறை சூடாகி காற்று மேலெழும்பியதும் ஒவ்வொன்றாகக் கிளம்பி வட்டமிடும். இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டர். அவற்றின் நடுவே சின்னதாக, வெள்ளை உடலும் மஞ்சள் முகமுமாக ஒன்று பறந்தால் அது மஞ்சள்முகப் பாறு. திருக்கழுக்குன்றம் மலையில் உச்சிவேளைக்கு வந்து பூசாரி கையால் சாப்பிட்ட கழுகுகள் இதே இனம்தான். அங்கே 1990களுக்குப் பிறகு அவை வருவதில்லை. இங்கே வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, குஞ்சு பொரித்து, செப்டம்பரில் திரும்பிவிடும்.

பொன்னாங்கழுகு, கொம்பன் ஆந்தை, காட்டாடு, மான், நீர்நாய் எல்லாம் உண்டு, அதிர்ஷ்டமும் பொறுமையும் வேண்டும். ஆற்றின் நடுப் பாறையில் வெள்ளை மார்போடு குண்டாக ஒரு பழுப்புச் சிட்டு தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றால் கவனியுங்கள். அடுத்த நொடி தண்ணீருக்குள் இறங்கி ஆற்றின் அடியில் நடந்துபோகும், பூச்சி பொறுக்கிக்கொண்டு வேறிடத்தில் வெளியே வரும்.

வசந்த இரவுகளில் பைன் காட்டில் பறக்கும் கிராயெல்சியா என்ற அந்துப்பூச்சி இன்னொரு அபூர்வம். வெளிர்பச்சை இறக்கையில் சிவந்த பழுப்பு நரம்புகள், நீண்ட வால். 1849இல் இதைக் கண்டுபிடித்த விஞ்ஞானி அன்றைய ராணி இரண்டாம் இசபெல்லின் பெயரை வைத்தார். பாதுகாக்கப்பட்ட இனம் என்பதால் பிடிக்கக் கூடாது.

அடுப்பு மூட்டி சமைக்கலாமா? இறைச்சி சுடலாமா?

கூடாது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குக் கோபம் வரும்.

2005 ஜூலையில் பக்கத்திலுள்ள ரீபா தே சாயெலிசெஸ் என்ற ஊரில், சுற்றிப்பார்க்க வந்தவர்கள் இறைச்சி சுட மூட்டிய நெருப்பிலிருந்து தீ கிளம்பியது. ஏறத்தாழ 13,000 ஹெக்டேர் எரிந்தது, பூங்காவின் காடும் அதில் சேர்த்தி. தீயணைக்கப் போன 11 பேர் கருகி இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில்தான் ஸ்பெயின் அரசு அதே ஆண்டில் ராணுவ அவசரகாலப் பிரிவைத் தொடங்கியது. இன்று ஸ்பெயினில் பெரிய காட்டுத்தீ என்றால் போய் நிற்கும் அதே படைப்பிரிவு.

ஆகவே அடுப்பு, கரி, சிகரெட் துண்டு எதுவும் வேண்டாம். தீ ஆபத்து உச்சத்தில் இருக்கும் நாள்களில் சில பாதைகளையே மூடிவிடுவார்கள், அதற்காக வனக்காவலரிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள். புகையைப் பார்த்தால் உடனே அவசர உதவி எண் 112க்கு அழையுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

கொஞ்சம் திண்டாட்டம்தான். இது ஆட்டிறைச்சி, பன்றி, டிரவுட் மீன் என்று சாப்பிடும் ஊர். ‘மீகாஸ்’ என்று ரொட்டித் துகளைப் பூண்டோடு வறுத்துக் கொடுப்பார்கள், பார்த்தால் சைவம் போலிருக்கும், உள்ளே பன்றிக் கொழுப்பு இருக்கும். அவரைக் குழம்பிலும் சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த தோர்த்தியா, தக்காளி-குடமிளகாய்-சுரைக்காய் வகைகளை வதக்கிய பிஸ்தோ, இலையுதிர் காலத்தில் காளான், சீஸ், தேன். ‘கறி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் பன்றி ஹாமும் சூரை மீனும் தட்டில் வந்துவிடும், அவை கறிக் கணக்கில் சேராது. ‘சோய் வெஹெத்தாரியானோ, சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன்’ என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். பெண்கள் ‘வெஹெத்தாரியானா’ என்று சொல்ல வேண்டும். தொடர்ந்து சில நாள் தங்குவதாக இருந்தால் மாட்ரிட்டிலேயே அரிசியும் பருப்பும் வாங்கி வந்து கிராமத்து வீட்டில் குக்கர் வைப்பதே நிம்மதி.

மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு. நடுவில் கடை, சமையலறை எல்லாம் மூடியிருக்கும். இனிப்புப் பிரியர்கள் மொலினாவில் ‘பாத்தாஸ் தே வாகா’ கேளுங்கள், அந்த ஊரின் பெயர்பெற்ற பலகாரம்.

குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. பர்ராங்கோ தே லா ஓஸில் கோயில் வரை காரிலேயே போகலாம், சான் பெத்ரோ பாலத்தருகே உட்கார நிழல் உண்டு. கொர்துவெந்தே, சாவொரேஹாஸ், ஒரேயா, செக்கா ஆகிய ஊர்களில் பூங்காவின் விளக்க மையங்கள் இருக்கின்றன. வார நாள்களில் பூட்டியிருக்கலாம், வார இறுதியை ஒட்டிப் போனால் நல்லது. பாறை விளிம்புகளில் பெரும்பாலும் கைப்பிடி இருக்காது, சிறு குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

பாம்பு, பூச்சி பயம் உண்டா?

விரியன் இருக்கிறது, அது உங்களைப் பார்த்து ஓடிவிடும். உண்ணிதான் உண்மையான தொல்லை. வசந்தத்தில் புல்லில் நடந்த பிறகு முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பைன் மரக் கிளை நுனிகளில் வெள்ளைப் பட்டுப் பை போலத் தொங்குவது கம்பளிப்புழுக் கூடு. அந்தப் புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு தரையில் ஊர்வலம் போகும். அழகாக இருக்கிறதே என்று தொட்டால் சுணை ஏறி உடம்பு தடித்துவிடும். நாய் முகர்ந்தால் அதன் நாக்கே அழுகிப்போகலாம்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம். வேட்டை நடக்கும் பாதையில் பலகை வைத்திருப்பார்கள், அந்தப் பக்கம் போகாமல் வேறு பாதையில் நடங்கள்.

வழியில் கிடக்கும் கல், புதைபடிவம் எடுத்துவரலாமா?

கூடாது. மொலினாவும் ஆல்ட்டோ தாஹோவும் சேர்ந்த பகுதி யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்கா, இங்கே கல்லுக்குத்தான் முதல் மரியாதை. அரகோனைட் என்ற கனிமம் உலகுக்கு முதலில் விவரிக்கப்பட்டது மொலினாவில் கிடைத்த படிகங்களை வைத்துத்தான். அறுகோணப் பட்டைக்கல் போல இருக்கும் அந்தப் படிகங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக்கொள்ளலாம். அருகே ஃபுவெந்தெல்சாஸ் என்ற குட்டி ஊரில், ஜுராசிக் காலத்தின் ஒரு கட்டம் தொடங்கும் அடுக்கை உலக அளவுகோலாகவே 2000இல் அறிவித்திருக்கிறார்கள்.

கிராமங்களில் ஏன் ஆளே இல்லை?

1950களுக்குப் பிறகு வேலை தேடி மாட்ரிட், சரகோசா, பார்சிலோனா என்று போய்விட்டார்கள். மொலினா வட்டாரத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று பேர்கூடத் தேறமாட்டார்கள். ஐரோப்பாவிலேயே மிக வெறிச்சோடிய பகுதிகளில் இதுவும் ஒன்று. பள்ளி மூடியிருக்கும், கடை வேன் வாரத்தில் ஒருநாள் வரும், மதுவும் காபியும் விற்கும் ‘பார்’ ஒன்றுதான் ஊரின் வரவேற்பறை. அங்கே காபி குடித்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தால் எந்தப் பாதை அடைத்திருக்கிறது, எந்த ஊற்றில் தண்ணீர் வற்றிவிட்டது என்பதெல்லாம் தெரியவரும். ஆங்கிலம் எதிர்பார்க்காதீர்கள். உள்ளே நுழையும்போது ‘புவெனோஸ் தியாஸ்’, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் ‘புவெனாஸ் தார்தெஸ்’. அதைச் சொல்லாமல் நேராக வேண்டியதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். மளிகையை அந்தந்தக் கிராமத்திலேயே வாங்குங்கள், சில்லறைப் பணம் கையில் இருக்கட்டும்.

நுழைவுக் கட்டணம், டிரோன், கூடாரம், நாய்?

பூங்காவுக்கு வாசலும் இல்லை, கட்டணமும் இல்லை. டிரோன் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது, கழுகுக் கூடுகளுக்குப் பக்கத்தில் அதைப் பறக்கவிட நினைப்பதே தப்பு. கூடாரம் அனுமதி பெற்ற முகாம்தளங்களில் மட்டும். நாயைக் கயிற்றில் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு வழக்கமான ஷெங்கன் விசா போதும்.

தாஹோ பிறக்கும் இடத்தையும் பார்த்துவிட்டு வரலாமா?

வரலாம், பூங்காவுக்கு வெளியே, தெருவெல் மாவட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். புல்வெளியில் ஒரு சின்ன ஊற்று, பக்கத்தில் ஆற்றைப் பிரம்மாண்டமான மனிதனாக வடித்த உலோகச் சிலை. கோடை வறண்டால் ஊற்றில் தண்ணீர் பெயருக்குத்தான் இருக்கும். அதற்காக மட்டும் ஒரு நாளைச் செலவழிப்பதைவிட, பாறைச் சுவர்களுக்கு நடுவே மாடி மாடியாக வீடுகள் அடுக்கிய அல்பர்ரசீன் ஊருக்குப் போகிற வழியில் எட்டிப்பார்ப்பது நல்லது. நவம்பருக்கு மேல் அந்த மலைச்சாலையில் பனி விழும், சக்கரச் சங்கிலி இல்லாமல் ஏறாதீர்கள்.